டிஹெச்எக்ஸ் அளவுகளோடு ஒரு ஹோம் தியேட்டர்: அறையை அளப்பதிலிருந்து வால்யூம் வரை

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "டிஹெச்எக்ஸ் (THX) முத்திரை இருந்தால் சத்தம் நன்றாக இருக்குமா?" கடையில் "ஆமாம் சார்" என்று உடனே பதில் வந்துவிடும். முழுப் பதில் அவ்வளவு சுருக்கமானதல்ல. அந்த முத்திரைக்குப் பின்னால் சில அளவுகள் இருக்கின்றன. அறை எத்தனை கன அடி, திரையிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார வேண்டும், உச்சச் சத்தம் எத்தனை டெசிபல், எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை சப்ஊஃபருக்கு (அடி ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) அனுப்புவது, இப்படி. முத்திரையே இல்லாத ரிசீவரை (ஒலியைப் பிரித்து, பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) வைத்துக்கொண்டும் இவற்றில் பெரும்பகுதியை உங்கள் ஹாலில் கொண்டுவந்துவிடலாம். முத்திரை உள்ள விலை உயர்ந்த பெட்டியை வாங்கிவிட்டு இவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டால், கொடுத்த காசுக்குப் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. ஆகவே இந்தக் கட்டுரை அளவுகளைப் பற்றியது.

முத்திரை எதற்குச் சான்று?

1980களின் தொடக்கத்தில் ஜார்ஜ் லூகாஸின் லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒலிக்கலவை அறையில் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய ஒலி, ஊர்த் தியேட்டருக்குப் போனதும் வேறு மாதிரி கேட்டது. ஒரு தியேட்டரில் வசனம் மங்கியது, இன்னொன்றில் பேஸ் (அடி ஒலி) இல்லை, வேறொன்றில் பக்கத்து அரங்கின் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அங்கே பணியாற்றிய டாம்லின்சன் ஹோல்மன் என்ற ஒலிப் பொறியாளர், கலவை அறையில் கேட்டது அரங்கிலும் அப்படியே கேட்க என்னென்ன தேவை என்று வரையறுத்தார். அதுதான் டிஹெச்எக்ஸ். 1983-இல் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' வெளியானபோது அது அரங்குகளுக்கு வந்தது. படம் தொடங்கும் முன் அடிவயிற்றில் அதிரும் அந்தப் புகழ்பெற்ற அறிமுக ஒலியை உருவாக்கியவர் ஜேம்ஸ் மூரர்.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், டால்பி அட்மாஸ் ஆகியவை ஒலியைப் பதிந்து, சுருக்கி, உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் வடிவங்கள். டிஹெச்எக்ஸ் அப்படி ஒரு வடிவம் அல்ல. மின்விசிறியில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி, இந்தப் பொருள் இன்னின்ன சோதனையில் தேறியது என்று சொல்லும் சான்று அது. அதனால் அட்மாஸா டிஹெச்எக்ஸா என்று ஒப்பிட்டுக் கேட்பதில் பொருளில்லை. ஒரே ரிசீவரில் இரண்டும் இருக்கலாம்.

அரங்குக்கான விதிகள் கடுமையானவை. திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை ஒரு முழுச் சுவரில் பதிக்க வேண்டும், பின்னணி இரைச்சல் குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது, எதிரொலி அரங்கின் கொள்ளளவுக்குத் தகுந்த நேரத்தில் அடங்க வேண்டும். வீட்டுச் சாதனங்களுக்கான சான்றிதழ் இதே எண்ணத்திலிருந்து 1990களில் பரவியது. நிறுவனம் பின்னாளில் கைமாறி, 2016-இல் ரேசர் என்ற கணினி விளையாட்டுச் சாதன நிறுவனத்திடம் போனது. ஆனால் வீட்டுக்கான அடிப்படை அளவுகளில் பல ஹோல்மன் காலத்தில் போட்டவைதான். இன்றும் உங்கள் ரிசீவரின் மெனுவில், முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவை உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் இஞ்சி டேப்பை எடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் அறையை அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அடி கிடைக்கும். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 1,800 கன அடி. ஹாலோடு சாப்பாட்டு அறையும் கதவில்லாமல் சேர்ந்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பேஸுக்கு அதுவும் ஒரே அறைதான். அப்புறம் சோபாவில் தலை வரும் இடத்திலிருந்து திரைக்கு எத்தனை அடி என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

டிஹெச்எக்ஸின் வீட்டு வகைகள் இந்த இரண்டு எண்களின்மேல்தான் நிற்கின்றன. செலக்ட் என்பது சுமார் 2,000 கன அடி அறைக்கு, திரையிலிருந்து 10 முதல் 12 அடி தள்ளி உட்காருபவர்களுக்கு. அல்ட்ரா என்பது 3,000 கன அடி, 12 அடிக்கு மேல். டாமினஸ் 6,500 கன அடிக்கும் 20 அடித் தொலைவுக்கும். காம்பாக்ட் சிறிய அறைக்கு, சுமார் 8 அடித் தொலைவுக்கு. மேலே சொன்ன 1,800 கன அடி ஹாலுக்கு செலக்ட் போதும். "அல்ட்ராதான் உசத்தி" என்று யாராவது சொன்னால், அறை பெரிதாக இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம்.

கணினி மேசையில் வைக்கும் 2.1 (இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர்) ஸ்பீக்கர்களிலும் இதே மூன்றெழுத்து உண்டு. லாஜிடெக் இசட்623 நல்ல உதாரணம். அந்தச் சான்று மேசைக்கு முன் இரண்டு, மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கானது. அதை ஹாலில் வைத்துவிட்டு, டிஹெச்எக்ஸ் என்று போட்டிருக்கிறதே, ஏன் அறை நிறையவில்லை என்று கேட்டால் பாவம், ஸ்பீக்கர் என்ன செய்யும்?

எத்தனை வாட் வேண்டும்? ஒருமுறை நாமே போட்டுப் பார்க்கும் கணக்கு

இந்த இடத்தில் நிதானமாகப் போகலாம். கடையில் பணம் அதிகம் வீணாவது வாட் விஷயத்தில்தான்.

சினிமா ஒலிக்கு ஒரு குறிப்பு அளவு உண்டு. ஒவ்வொரு முன் ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சோதனை ஒலி இருக்கைக்கு 85 டெசிபலாக வர வேண்டும். அந்தச் சோதனை ஒலி, பதிவின் உச்ச அளவைவிட 20 டெசிபல் தாழ்வாகப் பதியப்பட்டிருக்கும். ஆகவே படத்தின் உச்சச் சத்தம் 105 டெசிபல் வரை போகலாம். வெடிப்பு, இடி போன்றவற்றின் அடி ஒலிக்கு என்று தனியாக உள்ள எல்எஃப்இ சேனல் (ஒலித்தடம்) இன்னும் 10 டெசிபல் கூடுதலாக, 115 வரை ஒலிக்கும். படத்துக்கு ஒலிக்கலவை செய்பவர் கேட்கும் அளவு இது. தியேட்டர் ஒலிச் சாதனத்தின் வால்யூம் திருகில் 7 என்ற எண்ணும் இதே அளவுக்கானதுதான். உங்கள் ரிசீவரில் இதற்கு 0 டெசிபல் என்று பெயர்.

சரி, இப்போது ஒரு சாதாரண ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். அதன் தாளில் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்று இருக்கிறது. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் வரும் என்று அர்த்தம். நீங்கள் உட்காருவது 10 அடியில், அதாவது ஏறத்தாழ 3 மீட்டரில். திறந்தவெளியில் அந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ 9.5 டெசிபல் குறைந்துவிடும். அறையில் சுவர்கள் கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால், 1 வாட்டுக்கு இருக்கையில் 80 டெசிபல் வருவதாக வைத்துக்கொள்வோம். 105-ஐத் தொட இன்னும் 25 டெசிபல் வேண்டும். 10 டெசிபலுக்கு வாட் பத்து மடங்கு என்பது கணக்கு. 25 டெசிபலுக்கு 300 வாட்டைத் தாண்டிவிடும்.

பயந்துவிட வேண்டாம். வால்யூமை 10 டெசிபல் இறக்கினால் அதே ஸ்பீக்கருக்கு 32 வாட் போதும். 15 டெசிபல் இறக்கினால் 10 வாட். வீட்டில் பெரும்பாலானவர்கள் கேட்பது இந்த இறக்கிய அளவில்தான். எனவே, பெட்டியின்மேல் பெரிதாக அச்சடித்த வாட் எண்ணைவிட, ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியையும் உங்கள் சோபா இருக்கும் தூரத்தையும் பாருங்கள். 87-க்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் ரிசீவரின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ரிசீவரின் வாட் எண்ணைப் பார்க்கும்போதும், அது எத்தனை சேனல் ஒரே நேரத்தில் ஓடும்போது எடுத்த அளவு, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுமைக்குமா அல்லது 1,000 ஹெர்ட்ஸில் மட்டுமா என்று சின்ன எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். ஒரு சேனல் மட்டும், 1,000 ஹெர்ட்ஸில் மட்டும் என்றால் அந்த எண்ணைக் கணிசமாகக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழின் நிஜமான பயன் இந்த இடத்தில்தான். குறிப்பிட்ட அளவு அறையில், குறிப்பிட்ட தொலைவில், சத்தம் பிசிறடிக்காமல் வருகிறதா என்று இன்னொருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கை. கணக்குப் போட நேரமில்லாதவருக்கு அது காசுக்கு ஏற்ற பொருள்தான்.

ஸ்பீக்கர்களை வைக்கும் இடம்

முன்னால் உள்ள மூன்று ஸ்பீக்கர்களும் (இடது, நடு, வலது) ஒரே கம்பெனியின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். ஒரு கார் இடமிருந்து வலம் போகும்போது அதன் சத்தத்தின் நிறம் நடுவில் மாறக் கூடாது. அதற்காகத்தான் இது. பட்ஜெட் இடித்தால் பின் ஸ்பீக்கர்களில் சமரசம் செய்யுங்கள், முன்னால் வேண்டாம்.

இடது, வலது ஸ்பீக்கர்கள் உங்கள் நேர்ப்பார்வையிலிருந்து பக்கத்துக்கு 22 முதல் 30 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். கோணமானி தேவையில்லை. ஸ்பீக்கர்கள் இருக்கும் சுவரிலிருந்து 10 அடி தள்ளி உட்காருகிறீர்கள் என்றால், இரண்டுக்கும் இடைவெளி சுமார் 8 அடி முதல் 11½ அடி வரை. டிவி ஸ்டாண்டின் இரண்டு ஓரத்தில் நாலடி இடைவெளியில் வைத்தால் முன்காட்சி முழுவதும் டிவிக்குள் சுருங்கிவிடும். உயர ஒலி வரும் ட்வீட்டர் உங்கள் காதின் உயரத்தில் இருப்பது நல்லது.

சென்டர் ஸ்பீக்கருக்குத்தான் வீடுகளில் அதிகக் கொடுமை நடக்கிறது. படத்தின் வசனம் கிட்டத்தட்ட முழுதும் இதிலிருந்துதான் வருகிறது, ஆனால் மர ஷெல்ஃபுக்குள், செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால், சில வீடுகளில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்கூட அதைத் தள்ளிவிடுகிறோம். நண்பர் ஒருவர் தன் வீட்டில் வசனமே புரிவதில்லை, வேறு ரிசீவர் வாங்கலாமா என்று கேட்டார். போய்ப் பார்த்தால் சென்டர் ஸ்பீக்கர் ஷெல்ஃபின் உள்ளே ஒரு முழம் தள்ளி, முழங்கால் உயரத்தில், அவருடைய முழங்காலைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தது. அதை ஷெல்ஃபின் விளிம்புக்கு இழுத்து, முன் பக்கம் இரண்டு ரப்பர் துண்டுகளை அடியில் கொடுத்து முகத்தை மேல்நோக்கிச் சாய்த்தோம். படத்தில் கிசுகிசுப்பாகப் பேசும் காட்சியைத் திரும்பப் போட்டதும் உள்ளே இருந்த அவருடைய அம்மா, "இப்ப என்ன சொல்றான்னு கேக்குது" என்றார். ரிசீவர் வாங்கும் பேச்சு அதோடு போய்விட்டது.

பக்கவாட்டு சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 5.1 அமைப்பில் உங்கள் காதுக்கு நேர் பக்கத்திலிருந்து கொஞ்சம் பின்னால், சுமார் 110 டிகிரியில் இருக்கட்டும். 7.1 என்றால் பக்கத்துக்கு இரண்டு 90 முதல் 110 வரை, பின்னால் இரண்டு 135 முதல் 150 வரை. சோபா பின் சுவரை ஒட்டி இருக்கும் வீட்டில் 7.1 தேவையே இல்லை. பின்னால் இடமில்லாதபோது அந்த இரண்டு ஸ்பீக்கர் காசை சப்ஊஃபரில் போடுங்கள்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸ் வேண்டும் என்பவர்களுக்கு நம் ஊர்க் கான்கிரீட் கூரை ஒரு வசதி. தளத்திலிருந்து மேல்நோக்கி ஒலியை அடித்து, கூரையில் மோதிக் கீழே இறங்கும் வகை ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான, கடினமான கூரை வேண்டும். 10 அடி உயர கான்கிரீட் கூரை கச்சிதமாகப் பொருந்தும். ஏற்ற இறக்கமுள்ள அலங்காரக் கூரை போட்ட வீட்டில் இந்த வகையை வாங்காதீர்கள், கூரையிலேயே இரண்டு ஸ்பீக்கரைப் பொருத்திவிடுங்கள். மின்சார வேலை முடிவதற்கு முன்பே அதற்கான ஒயர் குழாயைப் போட்டுவைப்பது புது வீடு கட்டுகிறவர்களுக்கு முக்கியம்.

சப்ஊஃபரும் செங்கல் சுவரும்

அமெரிக்க வீடுகளில் பல சுவர்கள் மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அடித்தவை. அந்தப் பலகை அதிர்ந்து பேஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. பேஸ் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். 15 அடி நீள அறையில் 38 ஹெர்ட்ஸ் அருகில், 12 அடி அகலத்துக்கு 47 அருகில், 10 அடி உயரத்துக்கு 56 அருகில் ஒலி வீங்கும். சில இடத்தில் உட்கார்ந்தால் வயிறு கலங்கும், இரண்டடி நகர்ந்தால் பேஸே இருக்காது. சப்ஊஃபர் மோசம் என்று பலர் நினைப்பது இந்த அறைக்கூத்தைத்தான்.

இதற்குப் பழைய, செலவில்லாத வழி ஒன்று உண்டு. சப்ஊஃபரைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் தொடர்ந்து வரும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சப்ஊஃபரை வைக்கச் சாத்தியமுள்ள இடங்களில் எல்லாம் குனிந்து, காதைத் தரையருகே கொண்டுபோய்க் கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு பேஸ் சுரமும் சமமாகவும் தெளிவாகவும் கேட்கிறதோ, அதுதான் சப்ஊஃபருக்கான இடம். மூலையில் வைத்தால் சத்தம் அதிகம், ஆனால் ஒரே சுரம் மட்டும் ஊதிக்கொண்டு நிற்கும் அபாயமும் அதிகம். இரண்டு சின்ன சப்ஊஃபர்களை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைப்பது ஒரு பெரிய சப்ஊஃபரைவிடப் பெரும்பாலும் சீரான பேஸைத் தரும்.

டைல்ஸ் தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். 'டிர்ர்' என்று ஓசை இழுத்தால் வசனத்தின் மெல்லிய ஒலிகள் அதில் கரைகின்றன என்று பொருள். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஒரு தடித்த ஜமுக்காளம் அல்லது கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை, பின் சுவரில் புத்தக அலமாரி. இவை மூன்றும் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்பீக்கர் மாற்றுவதைவிட அதிகம் செய்யும்.

80 ஹெர்ட்ஸ்

வீட்டு ஒலிக்கு டிஹெச்எக்ஸ் கொடுத்ததிலேயே பெரிய கொடை இந்த எண்தான் என்பது என் கருத்து. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எங்கிருந்து வருகிறது என்று மனிதக் காதால் சுலபமாகச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாச் சேனல்களின் அடி ஒலியையும் சப்ஊஃபருக்கு அனுப்பிவிட்டால், பெரிய ஸ்பீக்கர்கள் தேவைப்படாது, ரிசீவருக்கும் பாரம் குறையும், சப்ஊஃபரை அறைக்குத் தோதான இடத்தில் வைக்கும் சுதந்திரமும் கிடைக்கும்.

ரிசீவரின் ஸ்பீக்கர் மெனுவுக்குள் போங்கள். 'லார்ஜ்', 'ஸ்மால்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். ஆளுயர டவர் ஸ்பீக்கர் வைத்திருந்தாலும் 'ஸ்மால்' என்றே வையுங்கள். பெயரைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம், அது ஸ்பீக்கரின் உயரத்தைப் பற்றியதல்ல, அதன் அடி ஒலியை சப்ஊஃபருக்கு அனுப்பு என்பதுதான் பொருள். கிராஸ்ஓவரை, அதாவது சப்ஊஃபருக்கு ஒலியைப் பிரிக்கும் எல்லையை, 80 என்று வையுங்கள். கையடக்கமான சின்ன ஸ்பீக்கர்கள் என்றால் 100 அல்லது 120 தேவைப்படலாம். 'எல்எஃப்இ பிளஸ் மெயின்' என்று ஒரு தேர்வு இருந்தால் அதைத் தொடாதீர்கள், ஒரே பேஸ் இரண்டு இடத்திலிருந்து வந்து குழம்பும். எல்எஃப்இ சேனலுக்கான தனி வரம்பை 120-இல் விடுங்கள். அது கிராஸ்ஓவர் அல்ல, வேறு விஷயம். கடைசியாக, சப்ஊஃபரின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் திருகை முழுவதும் மேலே திருப்பிவிடுங்கள், அல்லது எல்எஃப்இ என்ற துளையில் ஒயரைச் செருகுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் மட்டும் பார்க்கட்டும்.

மைக்கை வைத்து அளப்பது

இன்றைய ரிசீவர்களோடு ஒரு சிறிய மைக் வரும். ஆடிசி, டிராக், ஒய்பிஏஓ என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு முறையை வைத்திருக்கிறது, வேலை ஒன்றுதான்: சோதனை ஒலியை மைக்கால் அளந்து, ஸ்பீக்கர்களை அறைக்கு ஏற்பச் சரிசெய்வது. அளக்கும்போது மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இரவு பதினொரு மணிக்குமேல் தெரு அடங்கிய பிறகு செய்வது நல்லது, ஆனால் சோதனை ஒலி பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்பதால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மைக்கை சோபாவின் சாய்மானத்தின்மேல் வைக்கக் கூடாது. கேமரா ஸ்டாண்டில், காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். முதல் அளவு கட்டாயம் நீங்கள் உட்காரும் இடத்தில். மற்ற அளவுகளை அதைச் சுற்றி ஓரிரு அடிக்குள் எடுத்தால் போதும்.

முடிந்ததும் மெனுவைத் திறந்து சரிபாருங்கள். பல ரிசீவர்கள் டவர் ஸ்பீக்கரைப் பார்த்ததும் தாமாகவே 'லார்ஜ்' என்று போட்டுவிடும், திரும்ப 'ஸ்மால்' ஆக்குங்கள். கிராஸ்ஓவர் 40 என்று வந்திருந்தால் 80-க்கு ஏற்றலாம். அது 100 என்று காட்டினால் 80-க்கு இறக்காதீர்கள், அந்த ஸ்பீக்கர் அவ்வளவு கீழே போகாது என்று அளந்து சொல்லியிருக்கிறது. சப்ஊஃபரின் தூரம் நீங்கள் அளந்ததைவிடப் பல அடி அதிகமாகக் காட்டினால் திருத்த வேண்டாம். சப்ஊஃபருக்குள் இருக்கும் மின்சுற்றால் ஒலி தாமதமாவதையும் சேர்த்துத்தான் அந்த எண் வந்திருக்கிறது.

கையால் சரிபார்க்க விரும்பினால் ஒரு ஒலி அளவி மீட்டர் வாங்குங்கள். 'சி', 'ஸ்லோ' என்று வைத்து, ரிசீவரின் சோதனை ஒலியை ஒவ்வொரு சேனலாக ஓடவிட்டு எல்லாம் 75 டெசிபல் காட்டுகிறதா என்று பாருங்கள். 85 இல்லையா என்று கேட்பீர்கள். காது வலிக்காமல் இருக்க, ரிசீவருக்குள் உள்ள சோதனை ஒலி பொதுவாக 10 டெசிபல் தாழ்த்திப் பதியப்பட்டிருக்கும். அதனால் இங்கே 75 வந்தால் 0 டெசிபல் வால்யூமில் 85 என்றே அர்த்தம். செல்போன் ஆப்பில் வரும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் இடதும் வலதும் சமமா என்று ஒப்பிட அது போதும். சப்ஊஃபரையும் இதே 75-க்கு வையுங்கள். எல்எஃப்இக்கான 10 டெசிபலை நீங்களாகச் சேர்க்காதீர்கள், ரிசீவர் அதைப் பார்த்துக்கொள்ளும்.

வால்யூம் எண்ணில் என்ன இருக்கிறது

ரிசீவரில் வால்யூம் -25, -15 என்று கழித்தல் குறியோடு தெரிந்தால், அது குறிப்பு அளவிலிருந்து எத்தனை டெசிபல் கீழே இருக்கிறீர்கள் என்று காட்டுகிறது. டெனான், மரான்ட்ஸ் ரிசீவர்களில் 0 முதல் 98 வரை எண் தெரிந்தால், 80 என்பதே 0 டெசிபல். மெனுவில் 'ரிலேட்டிவ்' என்று மாற்றிக்கொண்டால் கணக்கு எளிது.

வீட்டில் 0 டெசிபலில் படம் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதே டெசிபல் சின்ன அறையில் கூடுதல் சத்தமாக உணரப்படும். சுவர்கள் நெருக்கமாக இருப்பதால் எதிரொலி சீக்கிரமாக வந்து சேர்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தரநிலை அமைப்பான ஏடிஎஸ்சி இதற்காகவே அறைக் கொள்ளளவுக்குத் தகுந்தபடி குறிப்பு அளவைக் குறைத்துப் பரிந்துரைத்திருக்கிறது. 1,500 கன அடிக்குக் கீழே 76 டெசிபல், அதற்கு மேல் 5,000 வரை 78, பெரிய அரங்குக்குத்தான் 85. நம் 1,800 கன அடி ஹாலுக்கு 78, அதாவது வால்யூமில் -7. குடும்பத்தோடு பார்க்கும்போது -15 பக்கம் இருந்தால் நிறைவாக இருக்கும்.

வால்யூமைக் குறைக்கும்போது ஒரு சிக்கல் வரும். மனிதக் காது சத்தம் குறையக் குறைய பேஸை இன்னும் வேகமாக இழக்கும். இதற்காகத்தான் டிஹெச்எக்ஸ் ரிசீவர்களில் 'லவுட்னஸ் பிளஸ்' என்றும், ஆடிசி உள்ளவற்றில் 'டைனமிக் ஈக்யூ' என்றும் ஒரு வசதி இருக்கிறது. -10-க்குக் கீழே கேட்பவர்கள் இதைப் போட்டுவைக்கலாம். வால்யூம் ஏறும்போது அது தானாகவே விலகிக்கொள்ளும்.

பழைய டிஹெச்எக்ஸ் ரிசீவர்களில் 'ரீ-ஈக்யூ' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். தியேட்டரில் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உயர ஒலி படிப்படியாகச் சரியும்படி அளவமைப்பது சினிமாத் துறையின் பழைய வழக்கம். அதற்கு ஏற்பக் கலந்த ஒலியை அப்படியே வீட்டில் போட்டால் கீச்சென்று இருக்கும். அதைத் தணிக்கத்தான் இந்த வசதி. இப்போது பல படங்களுக்கு வீட்டுக்கென்றே சிறிய அறையில் தனிக்கலவை செய்வதால், அதைச் சும்மா போட்டுவைத்தால் ஒலி மங்கும். கீச்சிடும் பழைய டிவிடிக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்.

ஓடிடியில் பார்க்கும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் நிகழ்ச்சிகளின் வசனத்தைப் பதிவின் உச்சத்திலிருந்து சுமார் 27 டெசிபல் கீழே வைக்கச் சொல்கிறது. வசனத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் அவ்வளவு இடைவெளி இருக்கலாம். இரவில் குழந்தை தூங்கும்போது இந்த இடைவெளி வேண்டாம். வசனத்துக்கு வால்யூமை ஏற்றி, சண்டைக்கு இறக்கி, ரிமோட்டோடு போராடுவதற்குப் பதில் 'நைட் மோட்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்' என்ற தேர்வைப் போடுங்கள். அதுவும் போதாவிட்டால் சென்டர் ஸ்பீக்கரை மட்டும் 2 டெசிபல் ஏற்றுங்கள். காலையில் பழைய அளவுக்குத் திரும்பத் தோதாக, மைக் அளந்து முடித்த அன்றே மெனுப் பக்கங்கள் அனைத்தையும் செல்போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.